அமெரிக்க தர்ம ஸ்தாபனச் சட்டமும் அதன் சீர்திருத்தமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறிய தமிழர்கள் நியூ ஜெர்சியிலும், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும், டெக்ஸாஸிலும் கடந்த அரை நூற்றாண்டில் எழுப்பியிருக்கும் கோயில்களும், தமிழ்ச் சங்கங்களும், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும், ஊரிலுள்ள பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் அனுப்பும் அறக்கட்டளைகளும் ஏறக்குறைய எல்லாமே அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) என்ற ஒரே பிரிவின் நிழலில் நிற்கின்றன. ஸ்தாபனம் வரி கட்ட வேண்டியதில்லை என்பதும், அதற்குக் கொடுத்தவர் தம் வருமானத்தில் அத்தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்பதும் அந்தப் பிரிவை ஒட்டிய அனுகூலங்கள். இவ்வளவுக்கும் ஆதாரமான சட்டம் எவ்வாறு திருத்தப்பட வேண்டும் என்பதைப் பற்றிப் பத்து டாலர் கொடுத்தவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருப்பது நியாயம். ஆயினும் நம்மவர் கூட்டங்களில் இந்தப் பேச்சு கணக்குத் தாக்கல் செய்யும் கெடு நெருங்கும் வாரத்தில் மட்டுமே எழுவதும், கெடு கழிந்ததும் அடங்கிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது.

இச்சட்டத்தின் சரித்திரத்தை ஒருமுறை முழுமையாக வாசித்துப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் தெளிவாகும். பணம் யாரிடமிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேரக் கூடாது என்ற இரண்டு கேள்விகளில் சட்டம் காட்டியிருக்கும் கடுமையில் நாலில் ஒரு பங்கைக்கூட, வந்த பணம் உரிய காரியத்துக்கு உரிய காலத்தில் செலவாயிற்றா என்ற மூன்றாவது கேள்வியில் அது காட்டவில்லை. வாசலில் இரண்டு காவலாளிகளை நிறுத்திவிட்டுக் களஞ்சியத்துக்குள் எவரும் எட்டிப் பாராத வீடு அது. சீர்திருத்தம் என்று பெயரிட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை மூன்றாவது காவலாளியை வாசலில் சேர்த்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இங்கிலாந்தில் 1601-இல், முதலாம் எலிசபெத் ராணியின் காலத்தில், தர்மப் பணம் தவறான வழியில் போவதைத் தடுக்க ஒரு சட்டம் பிறந்தது. 1853-இல் அதற்கென்றே ஓர் ஆணையமும் அங்கே ஏற்பட்டது. அமெரிக்கா அந்தச் சட்டத்தின் தர்மக் கருத்தை எடுத்துக்கொண்டதே தவிர ஆணையத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தர்ம சொத்தைக் காக்கும் கடமை அந்தந்த மாநிலத்து அட்டர்னி ஜெனரலிடம் இருக்க, வரி விலக்கு அளிக்கும் அதிகாரம் ஐ.ஆர்.எஸ். என்ற மத்திய வரி இலாகாவிடம் போய்ச் சேர்ந்தது. 1913-இல் வருமான வரி வந்தபோதே தர்ம ஸ்தாபனங்களுக்கு விலக்கு கிடைத்தது; முதல் உலக யுத்தத்துக்காக வரி உயர்ந்த 1917-இல், பணக்காரர்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சத்தால் கொடையாளருக்கும் கழிவு கிடைத்தது. வரி வசூலிப்பதற்கென்று ஏற்பட்ட இலாகா, வரியே தராத ஸ்தாபனங்களைப் பரிபாலிக்கும் வேலையில் எத்தனை ஊக்கத்தோடு ஈடுபடும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

பின்னர் வந்த மத்தியச் சட்டத் திருத்தங்களில் மிகக் கூர்மையான இரண்டுக்கும், தர்ம ஸ்தாபனங்களைப் பெரும்பாலும் அவற்றின் போக்கில் விட்டுவிடும் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இருவரே காரணமானார்கள் என்பது சுவையான முரண். 1954-இல் தமது மறு தேர்தலை வரி விலக்குப் பெற்ற சில ஸ்தாபனங்கள் எதிர்த்ததைக் கண்ட செனட்டர் லிண்டன் ஜான்சன், 501(சி)(3) ஸ்தாபனம் எதுவும் தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இறங்கக் கூடாது என்ற தடையை அதிக விவாதமின்றிச் சட்டத்தில் நுழைத்தார். டெக்ஸார்கானாவைச் சேர்ந்த ரைட் பேட்மன் என்ற பிரதிநிதி 1961 முதல் பெரிய குடும்ப அறக்கட்டளைகளைத் துருவித் துருவி ஆராய்ந்து, அவை வரியிலிருந்து தப்பும் மார்க்கங்களாக இருப்பதை அம்பலப்படுத்தினார். அதன் பலனாகவே 1969-ஆம் வருஷத்து வரிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கட்டாயமாகச் செலவிட வேண்டும் என்றும், கொடுத்த குடும்பமே அந்தப் பணத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்தது. செலவிட வேண்டிய அந்தப் பங்கு இன்று சொத்தின் மதிப்பில் 5 விழுக்காடு. சட்டம் களஞ்சியத்துக்குள் எட்டிப் பார்த்த அபூர்வமான தருணம் அது.

தொடக்கத்தில் குறித்த மூன்று மாநிலங்களைப் பார்த்தால், அவை மூன்றும் மூன்று சுபாவம் உடையவை. நியூ ஜெர்சி பதிவு செய்யச் சொல்கிறது: 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, பொதுமக்களிடம் நன்கொடை கேட்கும் ஸ்தாபனம் நுகர்வோர் விவகாரப் பிரிவில் பெயரைப் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மத ஸ்தாபனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. கலிபோர்னியா கண்காணிக்கிறது: அட்டர்னி ஜெனரலின் கீழ் தர்ம ஸ்தாபனங்களுக்கென்றே ஒரு பதிவகம் உண்டு, 2004-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 20 லட்சம் டாலருக்கு மேல் வருமானமுள்ளவை தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும், இணையத்தில் நிதி திரட்டித் தரும் கம்பெனிகளையும் 2021-இல் இயற்றி 2023-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வரம்புக்குள் கொண்டுவந்தது. அம்மாநிலத்து மேற்பார்வைச் சட்டத்துக்கு அடிப்படை அமைந்த 1959-ஆம் ஆண்டில்தான் சென்னை மாநிலத்து இந்து சமய அறநிலையச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒன்று தர்மகர்த்தாவைக் கணக்குக் கேட்கும் அளவோடு நின்றது, மற்றொன்று அவருடைய நாற்காலியில் நிர்வாக அதிகாரியை உட்காரவைக்கவும் வழி செய்தது என்ற வேற்றுமை, நம் நாட்டிலிருந்து போனவர்களுக்குச் சிந்திக்கத் தக்கது.

டெக்ஸாஸ் பொதுவான பதிவு எதையும் கேட்பதில்லை. அதை வைத்து அங்கே சர்க்கார் தலையிடாது என்று நினைப்பது பிழை. எல் பாசோ நகரில் 1970-களிலிருந்து அகதிகளுக்கு இடமளித்துவரும் அனன்சியேஷன் ஹவுஸ் என்ற கத்தோலிக்க ஸ்தாபனத்தின் ஆவணங்களை மாநில அட்டர்னி ஜெனரல் 2024-இல் மிகக் குறுகிய அவகாசத்தில் கேட்டு, அது நியாயஸ்தலத்தை நாடியதும் ஸ்தாபனத்தையே மூடிவிடக் கோரினார். கீழ்க் கோர்ட்டு மறுத்தபோதிலும், 2025 மே மாதத்தில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் வழக்கைத் தொடரலாம் என்று தீர்ப்பளித்தது. விதிகள் குறைவாக உள்ள இடத்தில் அதிகாரம் குறைவாக இருப்பதில்லை. எந்த வரம்பும் எழுதப்படாமல் ஒருவர் கையில் கிடக்கிறது, அவ்வளவே. ஆண்டுதோறும் ஒரு படிவம் கேட்கும் நியூ ஜெர்சியின் தொல்லை, ஒரு நாள் திடீரென்று எல்லாவற்றையும் கேட்கும் இந்தச் சுதந்திரத்தைவிட மேல் என்பது என் கருத்து.

சிறிய ஸ்தாபனங்களின் நிலையை இனிப் பார்ப்போம், ஏனெனில் நம் சங்கங்களும் பள்ளிகளும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்துவிட்டன என்று சொல்லி, ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மேற்படாதவற்றுக்கு ஒரு சுருக்கமான மின் விண்ணப்பத்தை ஐ.ஆர்.எஸ். 2014-இல் கொண்டுவந்தது. 275 டாலர் கட்டணமும், சில கட்டங்களில் இடும் குறியும் இருந்தால் தர்ம ஸ்தாபனம் பிறந்துவிடும். அமைப்பு விதிகளை அனுப்ப வேண்டியதே இல்லை. மறு வருஷமே இலாகாவுக்குள் இருக்கும் வரி செலுத்துவோர் வழக்காளர் அலுவலகம் இவ்வாறு அங்கீகாரம் பெற்றவற்றில் சிலவற்றின் விதிகளை எடுத்து ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை சட்டம் கேட்கும் அடிப்படை வாசகங்கள்கூட இல்லாதவை என்று கண்டது. நுழைவது இவ்வளவு எளிதாக இருக்க, நிலைப்பது அவ்வாறில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்று ஆண்டு தொடர்ந்து படிவம் தாக்கல் செய்யாத ஸ்தாபனம் தானாகவே விலக்கை இழக்கும். 2011 ஜூன் மாதத்தில் வெளிவந்த முதல் பட்டியலில் ஏறத்தாழ 2,75,000 ஸ்தாபனங்கள் விழுந்தன. அவற்றுள் செத்துப்போனவையே மிகுதி என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கொரு தலைவரும் ஆண்டுக்கொரு பொருளாளரும் மாறி, பழைய பொருளாளர் வேலை மாற்றலாகி வேறு மாநிலத்துக்குப் போய்விட, கடவுச்சொல் அவரோடு போய்விடும் சங்கங்களில், சிறு தொகைக்காரருக்கென்று விதித்த எட்டே கேள்விகள் கொண்ட மின் அஞ்சலட்டைகூட மறக்கப்படுவது அசாதாரணமல்ல. கண்ணை மூடிக்கொண்டு அங்கீகரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே நீக்கும் இந்த முறையில் பரிசோதனை என்பது இரண்டு முனையிலும் இல்லை. படிவம் சிறிதாக இருக்கட்டும். அதை ஒரு மனிதர் படிக்கட்டும். இதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். விதியை அதிகப்படுத்தும் சட்டசபைகள் இலாகாவின் மானியத்தைக் குறைப்பதிலும் முனைந்திருக்கின்றன.

கோயில்களைப் பற்றிச் சொல்லும்போது சிலருக்கு மனவருத்தம் நேரலாம். அமெரிக்கச் சட்டம் தேவாலயத்தை விண்ணப்பம் செய்யவோ 990 என்னும் ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்யவோ கட்டாயப்படுத்துவதில்லை. தேவாலயம் என்ற சொல்லுக்குள் பியர்லாண்டு மீனாட்சி கோயிலையும், லிவர்மூர் சிவ விஷ்ணு ஆலயத்தையும், பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசுவரர் கோயிலையும் போன்ற எல்லா வழிபாட்டு ஸ்தலங்களும் அடங்க முடியும். சர்க்கார் மத விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற அந்நாட்டு அரசியல் சாசனத்தின் உயர்ந்த கொள்கையிலிருந்து இந்த விலக்கு பிறந்தது. எனினும் பூஜை எப்படி நடக்க வேண்டும் என்று கேட்பது வேறு, உண்டியலில் விழுந்தது எவ்வளவு என்று கேட்பது வேறு. கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கும்வரை அந்தப் பணத்தில் ஊர்ப் பொதுப் பணமும் கலந்திருக்கிறது. ஆகவே மத ஸ்தாபனங்களும் ஒரு சுருக்கமான வரவு செலவுக் கணக்கை வெளியிட வேண்டும் என்று சட்டம் திருத்தப்படுவதே முறை. கட்டாயமில்லாதபோதும் தாமாகவே தாக்கல் செய்யும் கோயில்கள் உண்டு; அவற்றின் பக்தி அதனால் குறைந்துவிடவில்லை.

இதற்கு நேர் எதிராக, பணத்தைக் கொடுத்தவரின் பெயரைச் சர்க்கார் கேட்பதில் ஓர் எல்லை இருக்க வேண்டும். பெருங்கொடையாளர் பட்டியலைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கலிபோர்னியா வற்புறுத்தியதை 2021 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் செல்லாததாக்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் பெருஞ்செல்வர்களின் ஆதரவு பெற்ற ஸ்தாபனத்தார் என்பதால் அத்தீர்ப்பை வெறுத்தவர் பலர். ஆனால் அலபாமா மாநிலம் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்து உறுப்பினர் பட்டியலைக் கேட்டபோது, 1958-இல் அதே நீதிமன்றம் மறுத்ததும் அந்த எல்லையைக் காக்கவே. யாழ்ப்பாணத்தில் பெற்றோரை விட்டுவிட்டு நியூ ஜெர்சியில் நன்கொடை எழுதும் ஒருவருக்கு, தம் பெயர் எந்தக் கோப்பில் ஏறுகிறது என்ற கவலை எத்தகையது என்பதை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கவலைக்கு ஆதாரமான சரித்திரம் உண்டு. 1996-இல் இயற்றப்பட்ட சட்டம் பயங்கரவாத ஸ்தாபனம் என்று குறிக்கப்பட்டவற்றுக்கு அநேகமாக எவ்வித உதவி செய்வதையும் குற்றமாக்கியது. மறு ஆண்டு விடுதலைப் புலிகள் இயக்கம் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. சட்டபூர்வமான, அகிம்சையான காரியங்களுக்கு யோசனை சொல்வதும் பயிற்சி தருவதும் குற்றமாகுமா என்று கேட்டு 1998-இல் தொடங்கிய வழக்கில், மனித உரிமை வழக்கறிஞர்களோடு இலங்கைத் தமிழ்ச் சங்கமும், வட கலிபோர்னியத் தமிழர் அமைப்பும், வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையும் வாதிகளாக நின்றன. இடையில் 2004-ஆம் வருஷத்து ஆழிப்பேரலை வந்தது. 2005 ஜனவரியில் கொடுத்த நிவாரணத் தொகையை முந்தைய ஆண்டுக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் சில நாட்களுக்குள் தனிச் சட்டம் இயற்றிய தாராளம் ஒரு புறமும், அந்நிவாரணத்தில் ஈடுபட்டிருந்த தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தைப் புலிகளுக்கு நிதி திரட்டும் முகப்பென்று குற்றஞ்சாட்டி 2007 நவம்பரில் கருவூல இலாகா முடக்கிய கடுமை மறு புறமுமாக, ஒரே தேசம் இரண்டு முகம் காட்டியது. முடக்குவதற்கு முன் விசாரணை எதுவும் சட்டப்படி தேவையில்லை என்பதுதான் இங்கே குறிக்கத் தக்கது. நல்லெண்ணத்தோடு சுனாமி நிதியாக நூறு டாலர் கொடுத்த குடும்பங்களுக்குத் தம் பணம் எங்கே நின்றது என்று கேட்க ஓர் இடமும் கிடையாது. 2010 ஜூன் 21-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்ச் சங்கங்களுக்கு எதிராக, ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது: சமாதான வழியைக் கற்பித்தாலும், அத்தகைய ஸ்தாபனத்தோடு சேர்ந்து கற்பித்தால் குற்றமே. மாறுபட்ட கருத்தை நீதிபதி பிரையர் எழுதினார். எனக்கு அவர் பக்கமே நியாயம் தோன்றுகிறது.

நிதி முடக்கத்தின் கடுமை பின்னர் ஓரளவு தளர்ந்தது. 2022 டிசம்பரில், ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சிலின் தீர்மானத்தைத் தொடர்ந்து, மனிதாபிமான உதவிக்குப் பொது அனுமதிகளைக் கருவூல இலாகா வெளியிட்டது. ஆனால் குற்றவியல் சட்டம் திருத்தப்படவில்லை. மாறாக, கருவூலச் செயலரே ஒரு ஸ்தாபனத்தைப் பயங்கரவாத ஆதரவு ஸ்தாபனம் என்று அறிவித்து வரி விலக்கைப் பறிக்க வழி செய்யும் மசோதா 2024 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட்டில் அது நிறைவேறாமல் நின்றது நம் அதிர்ஷ்டம். இந்த அதிகாரம் என்றைக்கேனும் சட்டமானால் முதலில் அகப்படுபவர் வல்லமையுள்ள ஸ்தாபனத்தார் அல்லர்.

கடலுக்கு அப்பால், இந்தியாவின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் மற்றொரு காவலாளி. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976-இல் பிறந்து, 2010-இல் புதுப்பிக்கப்பட்டு, 2020-இல் இறுக்கப்பட்ட அச்சட்டத்தின்படி, வெளிநாட்டு நன்கொடை புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் முதலில் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. பெற்றவர் அதை வேறொரு ஸ்தாபனத்துக்குக் கொடுக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் இவற்றைச் செல்லும் என்றது. இந்தியக் குடிமகனாக இருக்கும்வரை நியூ ஜெர்சியின் எடிசன் நகரவாசி தம் சேமிப்பிலிருந்து அனுப்பும் பணம் அந்நியக் கொடையாகாது; அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் எடுத்துக்கொண்ட மறுகணம் அதே பணம், அதே பள்ளிக்கு அந்நியக் கொடையாகிவிடுகிறது. வரிக் கழிவு வேண்டுமானால், பணத்தின் மேல் முழு அதிகாரமும் அமெரிக்க ஸ்தாபனத்தின் கையிலேயே இருக்க வேண்டும், அது வெறும் அனுப்பும் குழாயாக இருக்கக் கூடாது என்கிறது ஐ.ஆர்.எஸ்.; அங்கே பெற்றவர் பகிர்ந்தளிக்கக் கூடாது என்கிறது தில்லி. இரண்டு விதியும் தனித்தனியே நியாயமாகத் தோன்றினாலும், இரண்டும் சந்திக்கும் இடத்தில், வழக்கறிஞரும் கணக்காயரும் வைத்திருக்கும் சென்னைப் பெருஸ்தாபனத்துக்குப் பணம் எளிதாகப் போகிறது, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராம நூலகத்துக்குப் போவதில்லை.

இத்தனை காவலும் வாசலில் நடக்க, உள்ளே என்ன நடக்கிறது? சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் செல்வம் பெருகிய விதத்தில் கொடையும் பெருகியது. அதில் பெரும்பகுதி கொடையாளர் ஆலோசனை நிதி என்ற கணக்குகளில் தங்கியிருக்கிறது. கம்பெனிப் பங்குகளை இக்கணக்கில் போட்ட அன்றே கொடையாளர் முழு வரிக் கழிவையும் பெறுகிறார். அப்பணம் எந்த ஆண்டு எந்த ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்குச் சட்டத்தில் கெடு இல்லை. மவுண்டன் வியூ நகரத்து சிலிகான் பள்ளத்தாக்குச் சமூக அறக்கட்டளையிடம் மட்டும் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் சேர்ந்ததற்கு இந்த ஏற்பாடே பெருங்காரணம். பேட்மன் போராடிப் பெற்ற 5 விழுக்காட்டு விதி தனியார் அறக்கட்டளைகளுக்கே பொருந்தும். இக்கணக்குகள் பொது ஸ்தாபனத்தின் பெயரில் இருப்பதால் தப்பிக்கொள்கின்றன. 15 ஆண்டுக்குள் செலவிட்டால்தான் உடனடிக் கழிவு என்ற மசோதாவை செனட்டர்கள் ஆங்கஸ் கிங்கும் சார்லஸ் கிராஸ்லியும் 2021-இல் கொண்டுவந்தார்கள்; அது சட்டமாகவில்லை. 15 ஆண்டே எனக்கு அதிகமாகப் படுகிறது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம், கழிவுகளைத் தனித்தனியே பட்டியலிட்டுக் கோராத வரிசெலுத்துவோருக்கு 2026 முதல் தனிநபருக்கு 1,000, தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிவு அளித்து, அச்சலுகையை இக்கணக்குகளில் போடும் பணத்துக்கு மறுத்தது. சிறு கொடையாளருக்கு அவ்வாறு வரம்பு கட்டிய சட்டம் பெருங்கொடையாளர் தங்கள் பெருந்தொகையை அங்கே நிறுத்திவைப்பதைத் தடுக்கவில்லை.

செத்தவர் சொல்லுக்கு எவ்வளவு காலம் மரியாதை என்பது இன்னொரு கடினமான பிரச்சினை. கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் வாழ்ந்து 1975-இல் இறந்த பெரில் பக் என்ற மாது, ஓர் எண்ணெய்க் கம்பெனியில் தமக்கிருந்த, ஒரு கோடி டாலர் அளவில் மதிக்கப்பட்ட பங்குகளை அக்கவுண்டி மக்களின் நன்மைக்கென்று சான்பிரான்சிஸ்கோ அறக்கட்டளையிடம் எழுதிவைத்தார். 1979-இல் ஷெல் கம்பெனி அந்த எண்ணெய்க் கம்பெனியை வாங்க, தொகை 25 கோடிக்கு மேல் பெருகியது. மரினோ அந்நாட்டிலேயே செழிப்பான பகுதிகளுள் ஒன்று. ஆகவே ஏழ்மை மிகுந்த அண்டைக் கவுண்டிகளிலும் செலவிட அனுமதி வேண்டும் என்று அறக்கட்டளை 1984-இல் கோர்ட்டுக்குப் போனது. 1986-இல் அனுமதி கிடைக்கவில்லை. அறக்கட்டளையே பொறுப்பிலிருந்து விலக, மரினுக்கென்று தனி ஸ்தாபனம் ஏற்பட்டது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பு சென்னை இதே கேள்விக்கு வேறு விடை சொல்லியிருக்கிறது. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது கோயில் கைங்கரியங்களுக்கும் அன்னதானத்துக்கும் எழுதிவைத்த சொத்து வழக்குகளில் பல்லாண்டு சிக்கி, வட்டியோடு வளர்ந்து, கைங்கரியங்களுக்குப் போக மிஞ்சியபோது, சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பைக் கொண்டு அந்த மிச்சத்தில் 1842-இல் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அன்று உபரியைத் தொடக் கூடாது என்று ஒரு நீதிபதி கருதியிருந்தால் பச்சையப்பன் கல்லூரி இல்லை. அதற்கும் முன்னே, சோழர் காலத்துச் சாசனங்களில் நந்தா விளக்குக்கென்று 90, 96 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகளாக இடையரிடம் ஒப்படைத்து, விளக்குக்கு இத்தனை நெய் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். கொடுத்தவர் பெயரும், பொறுப்பேற்றவர் பெயரும், அளவும் ஊரார் கண்ணெதிரே நின்றன. கணக்கைக் கேட்கும் உரிமை ஊருக்கே இருந்தது.

அமெரிக்கச் சட்டத்தில் அந்த உரிமை ஊருக்கு இல்லை. கொடுத்தவருக்கும் பெரும்பாலும் இல்லை. தர்ம சொத்து விஷயத்தில் வழக்காடும் அதிகாரம் அட்டர்னி ஜெனரலுக்கே உரியது என்பது பொது விதி. சார்லஸ், மேரி ராபர்ட்சன் தம்பதியர் 1961-இல், அரசாங்கப் பணிக்கு மாணவரைத் தயார் செய்ய வேண்டுமென்று, நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலைக்கு 3.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்தார்கள். பணம் வேறு வழியில் போகிறது என்று அவர்களுடைய சந்ததியார் 2002-இல் வழக்குத் தொடுக்க முடிந்தது, குடும்பத்தார் நிர்வாகிகளாக இருந்த தனி ஸ்தாபனத்தின் மூலம் அக்கொடை கொடுக்கப்பட்டிருந்ததால்தான். 2008 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டு, வழக்குச் செலவுக்கு 4 கோடியும், புதிய அறக்கட்டளைக்கு 5 கோடியும் சர்வகலாசாலை தர இசைந்தது. வக்கீல்களுக்குக் கோடிக்கணக்கில் செலவிட வல்லவர்களுக்கே நியாயத்தின் கதவு திறந்தது. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கென்று உலகெங்குமுள்ள தமிழர்களும் தமிழ்நாட்டு அரசும் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தோமே, அதில் ஐம்பது டாலர் கொடுத்தவர் நாளை கேள்வி கேட்க விரும்பினால் அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. கொடையாளரில் குறிப்பிட்ட தொகையினர் ஒன்றுசேர்ந்து மனுச் செய்தால் அட்டர்னி ஜெனரல் குறித்த காலத்துக்குள் பதிலளிக்க வேண்டும், மறுத்தால் அவர்களே வழக்காடலாம் என்ற ஒரு திருத்தம், புதிய படிவங்கள் நூறு செய்ய முடியாததைச் செய்யும்.

இவ்வளவையும் ஒரே கையில் கொண்டுவர ஒரு நிரந்தரத் தேசிய ஆணையம் வேண்டும் என்று, மூன்றாம் ஜான் டி. ராக்பெல்லரின் முயற்சியால் ஜான் ஃபைலர் தலைமையில் அமைந்த குழு 1975-லேயே சிபாரிசு செய்தது. ஐம்பது ஆண்டு கழிந்தும் அந்த ஆணையம் வரவில்லை. இப்போதுள்ள அரசியலில் வருமென்றும் நான் நம்பவில்லை. வந்தாலும் ஆளுங்கட்சியின் கைக்கருவியாகாமல் இருக்குமா என்ற சந்தேகம் டெக்ஸாஸ் வழக்கைப் பார்த்தவருக்கு எழவே செய்யும். ஆகவே, சட்டசபைகளை எதிர்பாராமல் நம்மவர் தாமே செய்யத் தக்கது ஒன்று உண்டு: சட்டம் கேட்டாலும் கேளாவிட்டாலும், ஒவ்வொரு சங்கமும் கோயிலும் பள்ளியும் தன் ஆண்டு வரவு செலவையும், செலவாகாமல் நிற்கும் தொகையையும், அது நிற்கும் காரணத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் எழுதி, பொதுக்குழுவுக்கு ஒரு மாதம் முன்னதாக உறுப்பினருக்கு அனுப்பட்டும், அனுப்பாத ஸ்தாபனத்துக்கு அடுத்த காசோலை எழுதுவதற்கு முன் உறுப்பினர் அதைக் கேட்டு வாங்கட்டும்.